வாடகைய நடுவுல ஏத்துறாங்களா? தமிழ்நாட்டுல குடியிருக்கிறவங்க என்ன பண்ணலாம்

மொத விஷயம், ஓனர் வாடகைய ஏத்தணும்னு சொன்ன அன்னைக்கு கோவத்துல "அப்போ இந்த மாசம் வாடகையே கிடையாது, என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் பாத்தவரைக்கும் வாடகைக்கு இருக்கிறவங்க தோத்துப்போறது இந்த எடத்துலதான். ஏத்துற தொகை நியாயமா இல்லையாங்கறது ஒரு வழக்கு, நீங்க பழைய வாடகைய பாக்கி வச்சிருக்கீங்களாங்கறது வேற வழக்கு. ரெண்டையும் கலந்துட்டீங்கன்னா, உங்கள காலி பண்ண வைக்கிறதுக்கு ஓனர் தேடிட்டிருந்த காரணத்த நீங்களே எடுத்து கையில குடுத்த மாதிரி ஆயிடும். ரெண்டு மாச வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் வந்த அப்புறமும் கட்டலன்னா அது வெளியேத்த சட்டப்படி போதுமான காரணம்.

அதனால சண்டை நடந்துட்டு இருந்தாலும் பழைய வாடகைய அதே தேதியில அதே தொகையில போட்டுடுங்க. ஜிபேயோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ எதுவா இருந்தாலும் சரி, நோட் எழுதுற எடத்துல "ஜூலை மாத வாடகை"ன்னு எழுதுங்க, சும்மா "ரென்ட்"னு போட்டா அப்புறம் எந்த மாசத்துதுன்னு கேள்வி வரும். கையில கேஷா குடுக்கிற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்துங்க. வயசான ஓனரம்மா, போன்ல பணம் வாங்கத் தெரியாது, கேஷ்தான் வேணும்னா குடுங்க, ஆனா ரசீது வாங்கிக்கோங்க, 5,000 ரூபாய்க்கு மேல கேஷ்னா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்து. ரசீது குடுக்க வேண்டியது ஓனரோட கடமைன்னு சட்டத்துலயே இருக்கு, கேக்கறதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

எந்த சட்டம்னா, 2017ல தமிழ்நாடு அரசு போட்ட வாடகை சட்டம், 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு. நிறைய பேரு இன்னும் அந்தக் காலத்து 1960 வாடகைக் கட்டுப்பாட்டு சட்டத்த மனசுல வச்சிட்டுதான் பேசுறாங்க. அதுல கோர்ட்டுக்குப் போனா நியாய வாடகைன்னு கட்டட மதிப்ப கணக்குப் போட்டு, குடியிருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 9 சதவீதம் கடைக்கு 12 சதவீதம்னு நிர்ணயம் பண்ணுவாங்க. அந்த சட்டத்த ரத்து பண்ணியாச்சு. புது சட்டத்துல "இவ்ளோதான் ஏத்தலாம்"னு அரசு ஒரு சதவீதம் வைக்கல, நீங்களும் ஓனரும் என்ன எழுதி ஒத்துக்கிட்டீங்களோ அதுதான் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் "10 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கு"ன்னு சொன்னா நம்பிட்டு போய் பேசாதீங்க, அந்த 5, 10 எல்லாம் ஊர் வழக்கம்.

அக்ரிமென்ட்ட எடுத்து படிங்க

பீரோவுல இருந்து எடுங்க. 90 சதவீதம் பேரு கையெழுத்து போட்ட அன்னைக்கு பாத்ததோட சரின்னு எனக்குத் தோணும். மூணு விஷயம் தேடுங்க: எத்தனை மாசத்துக்கு, எந்த தேதியில முடியுது, வாடகை உயர்வு பத்தி என்ன வரி இருக்கு.

நம்ம ஊர்ல எல்லாம் 11 மாசம்தான். ஏன்னா ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணியே ஆகணும்னு 1908 பதிவுச் சட்டம் சொல்லுது, அந்த செலவுல இருந்து தப்பிக்க 11 மாசம். உயர்வு பத்தின வரி பெரும்பாலும் "11 மாதம் முடிந்த பின் இரு தரப்பும் சம்மதித்தால் 5% உயர்த்தி புதுப்பித்துக் கொள்ள வேண்டியது" இந்த ரகத்துல இருக்கும். அப்படின்னா 12,000 வாடகை 12,600 ஆகும், அடுத்த முறை 12,600 மேல 5%, அதாவது 13,230. இந்த கணக்க நீங்களே போட்டு வச்சிக்கோங்க, ஓனர் "ரவுண்டா 14 குடுத்துடுங்க"ன்னு சொல்லும்போது வித்தியாசம் எவ்ளோன்னு அந்த நிமிஷமே உங்க வாயில வரணும். சில அக்ரிமென்ட்ல "அப்போதைய மார்க்கெட் நிலவரப்படி"ன்னு போட்டிருப்பாங்க, அது ஆபத்தான வரி, புதுசா போடும்போது அத எடுக்க சொல்லி ஒரு நம்பர் போட சொல்லுங்க.

இப்ப நீங்க எந்த நிலைமையில இருக்கீங்கன்னு பாருங்க, அத வச்சிதான் எல்லாமே.

11 மாசம் இன்னும் முடியலன்னா உங்க கை ஓங்கி இருக்கு. அக்ரிமென்ட்ல இருக்கிற படிதான் வாடகைய மாத்த முடியும்னு சட்டத்தோட 9வது பிரிவு சொல்லுது, நடுவுல ஏத்தலாம்னு அதுல எழுதலன்னா ஓனர் தன்னிஷ்டத்துக்கு ஏத்த முடியாது. "சொத்து வரி ஏறிடுச்சு, என் பொண்ணு கல்யாணம், மேல் வீட்ல 18 தராங்க" எது வேணா காரணமா சொல்லலாம், ஆனா முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு, வீட்ல புதுசா ஏதாவது சேத்து கட்டினா, உதாரணத்துக்கு ஒரு ரூம் எடுத்து குடுக்கறாரு, மாடுலர் கிச்சன் போடறாருன்னா, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுத்துல பேசி ஒத்துக்கிட்டிருந்தா, வேலை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு அப்புறம் ஏத்தலாம். சுவத்துக்கு வெள்ளை அடிச்சேன், ஒழுகுற பைப் மாத்தினேன், வயரிங் சரி பண்ணேன்னு சொல்லி ஏத்த முடியாது, அதெல்லாம் ஓனர் பண்ண வேண்டிய பராமரிப்புன்னு சட்டத்தோட பின்னாடி அட்டவணையிலயே போட்டிருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், அடைச்ச ட்ரெயின் இதெல்லாம் உங்க செலவு, அத ஓனர் தலையில கட்டாதீங்க.

11 மாசம் முடிஞ்சிடுச்சு, புதுசா எழுதல, ரெண்டு பேரும் அப்படியே ஓட்டிட்டு இருக்கீங்கன்னா, அதே பழைய நிபந்தனையில மாசத்துக்கு மாசம் தொடருதுன்னு சட்டம் எடுத்துக்கும், ஆனா அதிகபட்சம் ஆறு மாசம்தான். இந்த ஆறு மாசத்த மூச்சு விடுற நேரம்னு நினைச்சி தூங்கிடாதீங்க. வாடகையில ஒத்துவரல, அக்ரிமென்ட் போட முடியலன்னு ஓனர் ரென்ட் கோர்ட்டுக்குப் போனா அதுவும் காலி பண்ண சொல்றதுக்கு ஒரு காரணம்தான். அப்புறமும் உக்காந்திருந்தா மாச வாடகையில ரெண்டு மடங்க ஓனர் நஷ்டஈடா கேக்கலாம். அதனால அக்ரிமென்ட் முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நீங்களா பேச்ச ஆரம்பிச்சிடுங்க, கடைசி வாரத்துல பேசுறவன் பேரம் பேச முடியாது.

அக்ரிமென்ட்டே இல்ல, வாய் வார்த்தைதான்னா நிலைமை கஷ்டம். எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட (இவரு யாருன்னு கீழ சொல்றேன்) பதிவு பண்ணணும்னு சட்டம் சொல்லுது, 90 நாள் டைம். மேல சொன்ன சார்பதிவாளர் ஆபீஸ் பதிவு வேற, இது வேற, 11 மாச அக்ரிமென்ட்டுக்கும் இது உண்டு. பதிவு பண்ணாத ஒப்பந்தத்த சாட்சியமா எடுத்துக்க மாட்டாங்க. இது ரெண்டு பக்கமும் வெட்டும், ஓனரும் "5% இருக்கு பாருங்க"ன்னு அந்த காயிதத்த காட்ட முடியாது. பதிவ டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் தளத்துல ஆன்லைன்லயே பண்ணலாம், முடிஞ்சதும் ஒரு பதிவு நம்பர் குடுப்பாங்க. சண்டை வர்றதுக்கு முன்னாடியே, உறவு நல்லா இருக்கும்போதே "சார், கம்பெனியில ஹெச்ஆர்ஏக்கு (வீட்டு வாடகைப் படிக்கு) பதிவு பண்ண அக்ரிமென்ட் கேக்கறாங்க"ன்னு சொல்லி பண்ணி வச்சிடுங்க. நிஜமாவே கம்பெனி கேட்டா மட்டும் அப்படி சொல்லுங்க, பொய் சொல்லி ஆரம்பிக்கிற பேச்சு நிக்காது.

இன்னொரு விஷயம், அக்ரிமென்ட்ல 8,000னு போட்டுட்டு நிஜமா 15,000 வாங்குற ஓனருங்க நிறைய பேரு இருக்காங்க, மீதிய கேஷா குடுங்கன்னு. இதுக்கு சம்மதிக்காதீங்க. நாளைக்கு தகராறு வந்தா நீங்க குடுத்த அந்த 7,000க்கு ஒரு ஆதாரமும் இருக்காது.

பேசுறது

சட்டம் கையில இருந்தாலும் முதல்ல பேசித்தான் பாக்கணும், ஏன்னா ஒரே காம்பவுண்ட்ல மாடிப்படியில தினம் மூஞ்சி பாக்கணும், தண்ணி மோட்டார் சுவிட்ச் அவங்க வீட்லதான் இருக்கும். பேசப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணுங்க.

ஒண்ணு, தெருவுல என்ன வாடகை ஓடுதுன்னு தெரிஞ்சிக்கோங்க. இன்டர்நெட்ல போட்டிருக்கிற ரேட் கேக்கற ரேட், அது குடுக்கற ரேட் இல்ல. இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன் அண்ணன், பால் போடுறவர் இவங்களுக்கு எந்த வீட்ல யார் எவ்ளோவுக்கு வந்தாங்கன்னு துல்லியமா தெரியும். அதே அளவு, அதே மாடி, அதே தண்ணி வசதி இருக்கிற ரெண்டு மூணு வீட்டோட வாடகைய எழுதி வச்சிக்கோங்க.

ரெண்டாவது, ஓனர் சொல்ற காரணத்த கணக்கு போட்டு பாருங்க. 2022ல சொத்து வரிய ஏத்தினாங்க, வீட்டோட அளவ பொறுத்து 25ல இருந்து 150 சதவீதம் வரைக்கும், அதுல இருந்து எல்லாரும் வரிய காரணம் சொல்றாங்க. நிஜமாவே ஏறினது உண்மை. ஆனா மாசத்துக்கு எவ்ளோன்னு பாருங்க. அரை வருஷ வரி 2,000 இருந்தது 3,500 ஆச்சுன்னு வைங்க, வித்தியாசம் 1,500, அத ஆறா வகுத்தா மாசம் 250 ரூபா. அந்த கட்டடத்துல நாலு வீடு இருந்து மொத்தத்துக்கும் அதுதான் வரின்னா உங்க பங்கு இன்னும் கம்மி. வரிக்காக 2,000 ஏத்துறேன்னு சொன்னா "அங்கிள், வரி ரசீத காட்டுங்க, என் பங்கு எவ்ளோ வருதோ அத நான் சேத்து தரேன்"னு சொல்லிப் பாருங்க. சண்டை போடாம கேட்டா நிறைய பேரு இறங்கி வருவாங்க, ஏன்னா அவங்களும் இந்த கணக்க போட்டுப் பாத்திருக்க மாட்டாங்க.

காலமும் பாத்து பேசுங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் யாரும் வீடு மாத்த மாட்டாங்க, ஓனருக்கு அது நல்லா தெரியும், நீங்க காலி பண்ணினா ஆவணியோ தையோ வர்ற வரைக்கும் வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு மாசம் வீடு காலியா கிடந்தாலே 15,000 வாடகைன்னா அவருக்கு 15,000 நஷ்டம், உங்ககிட்ட மாசம் 1,000 கூட கேட்டு வருஷம் முழுக்க வாங்கினாலும் 12,000தான். இத மரியாதையா எடுத்து சொல்லலாம். அதே மாதிரி உங்க பக்கமும் கணக்கு பாருங்க, ப்ரோக்கருக்கு ஒரு மாச வாடகை, சாமான் ஏத்தி இறக்க வண்டி, புது வீட்டுக்கு அட்வான்ஸ், பசங்க ஸ்கூல் வேன் மாத்தணும், இதெல்லாம் சேத்தா மாசம் 500 கூட குடுத்து இருந்துடறது சில சமயம் லாபம். வீறாப்புக்காக காலி பண்ணிட்டு அதவிட சின்ன வீட்டுக்கு அதிக வாடகைக்குப் போனவங்கள எனக்குத் தெரியும்.

பேசி முடிச்ச அன்னைக்கே எழுத்துல ஒண்ணு அனுப்புங்க, வாட்ஸ்ஆப் போதும். எப்படின்னா:

"வணக்கம் சார். இன்னைக்கு நீங்க ஆகஸ்ட்ல இருந்து வாடகை 14,000 ஆக்கணும்னு சொன்னீங்க. நம்ம அக்ரிமென்ட் நவம்பர் வரைக்கும் 12,000க்கு இருக்கு, அதுக்கு அப்புறம் 5% உயர்வுன்னு எழுதியிருக்கு. அதனால நவம்பர் வரைக்கும் 12,000 தொடர்ந்து 5ம் தேதி அனுப்பிடறேன். டிசம்பர்ல இருந்து 12,600க்கு புது அக்ரிமென்ட் போட நான் ரெடி. நீங்க எப்ப ஃப்ரீன்னு சொல்லுங்க சார்."

இவ்ளோதான். சட்டப் பிரிவு நம்பர் எல்லாம் மொத மெசேஜ்ல போடாதீங்க, மிரட்டுற மாதிரி ஆயிடும். குரல் மெசேஜும் வேண்டாம்.

வாடகைன்னு சொல்லாம ஏத்துறது

இதுதான் இப்ப அதிகமா நடக்குது. வாடகை அதேதான், ஆனா மெயின்டனன்ஸ் 500 இருந்தது 1,500, தண்ணி லாரிக்கு தனியா, கரண்ட் யூனிட்டுக்கு 10 ரூபா. மெயின்டனன்ஸ் எவ்ளோ, அதுல என்னென்ன அடக்கம்னு அக்ரிமென்ட்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா வாடகைக்கு சொன்ன அதே நியாயம்தான். இல்லன்னா செலவு பில்ல காட்ட சொல்லி வீடுகளோட எண்ணிக்கையால வகுக்க சொல்லுங்க.

கரண்ட் விஷயத்துல உங்க வீட்டுக்கு தனி இபி மீட்டர் இருந்தா நீங்களே ஆன்லைன்ல பில்ல கட்டுங்க, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். ஒரே இணைப்புல சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்குறாங்கன்னா அந்த இலவசம் ஓனர் கணக்குக்குப் போயிடுது. உதாரணத்துக்கு ரெண்டு மாசத்துல நீங்க 200 யூனிட் ஓட்டினா, 10 ரூபான்னு 2,000 குடுக்கறீங்க, தனி மீட்டரா இருந்திருந்தா பில் இதுல பாதி கூட வராது. வீடு பாக்க போகும்போதே மீட்டர் பெட்டிய திறந்து காட்ட சொல்லுங்க, வாடகைக்கு அடுத்த முக்கியமான கேள்வி இது. ஏற்கனவே குடியிருக்கீங்கன்னா மாசா மாசம் சப் மீட்டர் ரீடிங்க தேதியோட போட்டோ எடுத்து வச்சிட்டு, அசல் இபி பில்ல வச்சி பங்கு பிரிக்கலாம்னு கேளுங்க.

பேச்சு முறிஞ்சிட்டா

சில ஓனருங்க "புது வாடகை தந்தாதான் வாங்குவேன்"னு பழைய வாடகைய திருப்பி அனுப்பிடுவாங்க. பயப்படாதீங்க, ஆனா சும்மாவும் இருக்காதீங்க. திரும்பி வந்த ஸ்கிரீன்ஷாட்ட வைங்க, தபால் ஆபீஸ்ல மணியார்டர் அனுப்பி மறுத்துட்டாருன்னு திரும்பி வந்த சீட்ட வைங்க, அதுக்கும் மேல போனா வாடகைய வாடகை அதிகாரிகிட்டயே டெபாசிட் பண்ணலாம், அதுக்கு சட்டத்துல எடம் இருக்கு. உங்க மேல "பாக்கி"ங்கற பேச்சே வரக்கூடாது.

வாடகை அதிகாரின்னா துணை ஆட்சியர் அந்தஸ்துக்கு குறையாத அரசு அதிகாரி, கலெக்டர் நியமிக்கிறவர். உங்க ஏரியாவுக்கு யாருன்னு வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்லயோ கலெக்டர் ஆபீஸ்லயோ கேட்டா சொல்லுவாங்க. உயர்வுல தகராறுன்னா ஓனரோ நீங்களோ அவருகிட்ட மனு போட்டு வாடகைய நிர்ணயிக்க சொல்லலாம். மனு கூட, பதிவு நம்பர் இருக்கிற அக்ரிமென்ட், ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்ஆப் பிரின்ட், பக்கத்து வீட்டு வாடகை விவரம் இதெல்லாம் வைங்க. மனு ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், தேதி வாரியா என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க, ஓனரோட குணத்தப் பத்தி ஒரு வரி கூட வேண்டாம்.

தண்ணிய நிறுத்துறது, ஃபியூஸ பிடுங்குறது, கேட்ட பூட்டுறதுன்னு ஆரம்பிச்சாங்கன்னா அது வேற மட்டம். அத்தியாவசிய வசதிய நிறுத்தக்கூடாதுன்னு 20வது பிரிவுல தெளிவா இருக்கு, வாடகை அதிகாரி உடனே திரும்ப குடுக்க சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். சாமான வெளிய தூக்கிப் போடறேன்னு வந்தா 112க்கு போன் பண்ணுங்க. ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்"னு சொல்லி அனுப்பப் பாப்பாங்க, வாடகை எவ்ளோங்கறது சிவில்தான், ஆனா கோர்ட் உத்தரவு இல்லாம பூட்ட உடைக்கிறதும் மிரட்டுறதும் சிவில் இல்ல. எழுதி குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கிற ரசீது, வாங்காம வராதீங்க.

வக்கீலுக்கு காசு இல்லையேன்னு விட்டுடாதீங்க. பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள் எவ்ளோ வருமானம் இருந்தாலும் இலவச சட்ட உதவி கேக்கலாம், மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. ஒவ்வொரு மாவட்டத்துலயும் கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கு போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க.

வீட்ட வித்துட்டாங்க, புது ஓனர் வந்து ஏத்துறாருன்னா, நடப்பு அக்ரிமென்ட் முடியற வரைக்கும் அது அவரையும் கட்டுப்படுத்தும். கோயில் கட்டடம், அரசு கட்டடத்துல இருக்கிறவங்களுக்கு இந்த சட்டம் பொருந்தாது. கோயில் சொத்துக்கு அறநிலையத்துறை சட்டப்படி தனியா நியாய வாடகை வைக்கிறாங்க, அந்த வழி முழுக்க வேற.

எல்லாம் பாத்துட்டு காலி பண்றதுதான் சரின்னு முடிவு பண்ணினா, அக்ரிமென்ட்ல சொன்ன நோட்டீஸ எழுத்துல குடுங்க. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டம், வேற மாதிரி அக்ரிமென்ட்ல ஒத்துக்கிட்டா தவிர. பத்து மாசம் குடுத்தவங்க இத அடுத்த வீட்டுக்கு நினைவு வச்சிக்கோங்க. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள உங்க பாக்கி எதாவது இருந்தா கழிச்சிட்டு அட்வான்ஸ திருப்பித் தரணும். "கடைசி ரெண்டு மாசம் அட்வான்ஸ்ல கழிச்சிக்கோங்க"ன்னு ஓனர் சொன்னா அத எழுத்துல வாங்காம வாடகைய நிறுத்தாதீங்க. சாமான் எடுத்த அப்புறம் காலி ரூம், கிச்சன் மேடை, பாத்ரூம் குழாய், இபி மீட்டர் ரீடிங் எல்லாத்தையும் வீடியோ எடுத்து, சாவிய குடுக்கும்போதே அத ஓனருக்கு அனுப்பிட்டு, சாவி வாங்கிட்டேன்னு ஒரு வரி பதில் போட சொல்லுங்க.